கோடை குறுகிய ஊரில் கஞ்சாச் செடிக்கு நாள் குறித்தல்

கனடாவின் தண்டர் பே நகரத்தில் மே மாதம் பிறந்துவிட்டால், வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: கன்றுகளை எப்போது வெளியில் வைக்கலாம்? தக்காளிக்கும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது சரியான கேள்வி. கஞ்சாச் செடிக்கு அது பாதிக் கேள்விதான், அதுவும் அவ்வளவு முக்கியமில்லாத பாதி. தக்காளியை ஒரு வாரம் முன்னதாக நட்டால் ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகப் பழம் பறிக்கலாம். கஞ்சாவின் பெரும்பாலான வகைகளில் அந்தக் கணக்குச் செல்லாது. மே 20-இல் நட்ட செடியும் யூன் 10-இல் நட்ட செடியும் ஏறத்தாழ ஒரே நாளில்தான் பூக்கத் தொடங்கும். முன்னது உயரமாக நிற்கும், பின்னது குட்டையாக நிற்கும், அவ்வளவே. பூக்கும் நாளை முடிவு செய்வது ஓகஸ்ட் மாதத்து இரவின் நீளம். ஆகவே நாள் குறிப்பதை இலையுதிர்காலத்திலிருந்து பின்னோக்கித் தொடங்க வேண்டும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

எங்கள் நகரம் சுப்பீரியர் ஏரியின் வடமேற்குக் கரையில், 48.4 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. மே இறுதிவரை உறைபனிக்கு இடமுண்டு. சில ஆண்டுகளில் யூன் முதல் வாரத்திலும் ஒரு வெள்ளைக் காலை வந்து கன்றுகளைக் கருக்கிவிட்டுப் போகும். மறுபக்கத்தில், செப்ரெம்பர் நடுப்பகுதியில் முதல் உறைபனியை எதிர்பார்க்கத் தொடங்க வேண்டும். இடையில் மூன்றரை மாதம் கிடைத்தால் அதுவே நல்ல ஆண்டு. இந்தத் திகதிகள் எல்லாம் சராசரிகள் என்பதையும், சராசரி நாளில் நடுகிறவர் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பனியிடம் மாட்டுவார் என்பதையும் தோட்டக்கலைக் கையேடுகள் போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு பத்தி. கனடாவில் 2018 ஒக்ரோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவர்கள், ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் என்ற அளவில், சொந்தத் தேவைக்காக வளர்க்கலாம். கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்ப்பதைத் தடை செய்திருக்கிறது. அந்தத் தடை செல்லும் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் நிலைமை முற்றிலும் வேறு என்பதை இதை வாசிப்பவர்கள் அறிவார்கள். நான் புகைப்பதில்லை. ஆனால் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் சட்டம் அனுமதிக்கும் நான்கு செடிகளையும் ஆண்டுதோறும் வைக்கிறார். எங்கள் இருவருக்கும் இடையே இருப்பது இடுப்பளவு வேலி. அவருடைய செடிகள் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் பாதி முதிர்ந்த நிலையில் பனியில் நனைந்து நிற்பதைப் பார்த்துத்தான் இந்த விடயத்தில் எனக்கு அக்கறை பிறந்தது. யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு, ஒரு பயிர் தன் காலத்துக்கு வெளியே நின்று தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

புகையிலையைக் குறிப்பிட்டது தற்செயலாக அன்று. செடிகள் பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கின்றன என்ற உண்மை உலகுக்குத் தெளிவானதே புகையிலையால்தான். அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அலார்ட் என்ற இருவர், மேரிலாந்து மாமத் என்னும் புகையிலை வகை கோடை முழுவதும் பூக்காமல் இலையாகவே வளர்ந்து, குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் மட்டும் பூப்பது ஏன் என்று ஆராய்ந்தார்கள். வெப்பமா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தபின், செடிகளைக் கோடைப் பகலில் சில மணி நேரம் இருட்டுக் கொட்டகைக்குள் நகர்த்தி வைத்தார்கள்; அவை பூத்தன. அவர்களுடைய ஆய்வு 1920-இல் வெளிவந்தது. ஆனால் அவர்களுக்கு முன்பே பிரான்ஸில் ழூலியன் தூர்னுவா என்ற இளம் தாவரவியலாளர் இந்த உண்மையின் வாசலுக்கு வந்திருந்தார். அவர் எடுத்துக்கொண்ட செடிகளில் ஒன்று பியருக்குக் கசப்பூட்டும் ஹொப்ஸ் கொடி, மற்றொன்று கஞ்சாவேதான். பகலைக் குறுக்கிய செடிகள் வழக்கத்துக்கு மிக முன்னதாகவே பூப்பதை அவர் 1912-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டு எழுதினார். முதலாம் உலகப் போர் அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் உயிரோடு இருந்திருந்தால் இன்றைய தாவரவியல் பாடநூல்களில் புகையிலை இருக்கும் இடத்தில் கஞ்சா இருந்திருக்கக்கூடும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

பின்னாளில், 1938-இல், ஹம்னரும் பொனரும் மருளூமத்தை இனத்துச் செடியொன்றை வைத்துச் செய்த சோதனைகள், செடி உண்மையில் அளப்பது பகலை அன்று, இடையறாத இருட்டைத்தான் என்று காட்டின. நீண்ட இரவின் நடுவே சில நிமிட வெளிச்சம் பட்டாலே கணக்குக் குலைந்துவிடுகிறது. கஞ்சாவும் இந்த இரவு அளக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. இரவு ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டி, அப்படியே பல நாள் தொடர்ந்தால், செடி இலை விடுவதை நிறுத்திப் பூ விடத் தொடங்குகிறது. அந்த எல்லை எல்லா வகைக்கும் ஒன்றன்று. ஏறக்குறைய பதின்மூன்றரை மணி நேரப் பகலில் பூப்பவையும் உண்டு, 15 மணி நேரப் பகலிலேயே பூக்கத் தொடங்குபவையும் உண்டு.

இங்கே ஒரு பரவலான பிழையைத் திருத்த வேண்டும். வீட்டுக்குள் விளக்கில் வளர்ப்பவர்கள், பூக்க வைப்பதற்காக விளக்கை 12 மணி நேரம் எரியவிட்டு 12 மணி நேரம் அணைப்பது வழக்கம். அதைக் கேட்டுப் பழகியவர்கள், வெளியில் நிற்கும் செடியும் பகலிரவு சமமாகும் செப்ரெம்பர் 22-ஐ ஒட்டித்தான் பூக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியானால் கனடாவில் எவருமே வெளியில் அறுவடை செய்திருக்க முடியாது. பன்னிரண்டு என்பது எந்த வகையும் தப்பாமல் பூக்கட்டும் என்பதற்காக வைத்த வசதியான எண்; செடி கேட்கும் எண் அதைவிடப் பெரிது.

எங்கள் ஊரின் பகலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். யூன் 21-இல் சூரியன் 16 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வானில் நிற்கிறது. ஓகஸ்ட் முதலாம் திகதி அது 15 மணி நேரமாகிறது. ஓகஸ்ட் 12 அளவில் பதினான்கரை. ஓகஸ்ட் 21 அளவில் 14. செப்ரெம்பர் முதலாம் திகதி பதின்மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. சந்தையில் கிடைக்கும் சாதாரண வகையொன்று, பகல் பதினான்கரை மணி நேரமாகக் குறையும்போது விழித்துக்கொள்கிறது, அதாவது பூக்கத் தொடங்குகிறது, என்று வைத்துக்கொள்வோம். அது முழுமையாக முதிர எட்டு அல்லது ஒன்பது வாரம் வேண்டும். ஓகஸ்ட் 12-உடன் எட்டு வாரம் கூட்டினால் ஒக்ரோபர் 7. முதல் உறைபனிக்கு ஏறத்தாழ மூன்று வாரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது அறுவடை. பதினான்கு மணியில் விழிக்கும் வகையானால் ஒக்ரோபர் நடுப்பகுதி. மே மாதத்தில் எத்தனை நாள் முந்தி நட்டாலும் இந்தத் திகதி ஒரு நாள்கூட முன்னே வராது. என் அயலவர் ஆண்டுதோறும் நடுகையை முந்திக்கொண்டே போனதும், செடி பெரிதாகிக்கொண்டே போனதும், அறுவடை மட்டும் அசையாமல் நின்றதும் இதனால்தான்.

தெற்கே ரொறன்ரோவில் அதே பதினான்கரை மணி ஓகஸ்ட் 3 அளவில் வந்துவிடுகிறது. மேற்கே, இன்னும் வடக்கில் இருக்கும் எட்மண்டனிலோ அதற்கு ஓகஸ்ட் 20 ஆகிவிடும். வடக்கே போகப் போகச் செடி பிந்திப் பூக்கிறது, பனியோ முந்தி வருகிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் சுருங்கும் இந்த இடைவெளிதான் குறுகிய கோடையின் உண்மையான சிக்கல். கோடையின் நாட்களை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு அது புலப்படாது. நேர்மாறாக, நிலநடுக்கோட்டை நோக்கிப் போனால் யாழ்ப்பாணத்தின் மிக நீண்ட பகல்கூட 12 மணி 42 நிமிடத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்துச் செடிகள், கேரளத்தின் இடுக்கி மலைச் செடிகள் உட்பட, நீண்ட இரவுகளுக்கும் நிதானமான பூப்புக்கும் பழகியவை. அவற்றின் விதையை இங்கே கொண்டுவந்து போட்டால், பூக்கத் தொடங்கும் முன்பே பனி விழுந்துவிடும்.

விதைப் பொட்டலத்தின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் அறுவடை மாதத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் வாசிக்க வேண்டும். அந்த மாதம் விதையை உருவாக்கியவரின் ஊருக்கு உரியது. ஆம்ஸ்டர்டாம் நகரம் 52 பாகைக்கும் வடக்கே, எங்களைவிட மேலே இருக்கிறது. ஆனால் கடற்காற்றின் தயவால் அங்கே உறைபனி எங்களைவிட வெகுவாகப் பிந்தி வருகிறது. அங்கே ‘ஒக்ரோபர் முதல் வாரம்’ என்று எழுதுவதில் தவறில்லை. எங்களூரில் அதே வரி ஒரு பொய்யாகிவிடுகிறது. அகலாங்கு பூக்கும் நாளைச் சொல்லும், பனி வரும் நாளைச் சொல்லாது. இரண்டையும் தனித்தனியே பார்த்து, பிறகுதான் பொருத்த வேண்டும்.

இனி வசந்தத்துக்கு வருவோம், அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. யூன் 21-இலிருந்து ஓகஸ்ட் 12 எத்தனை நாள் பின்னால் இருக்கிறதோ, ஏப்ரல் 30 அத்தனை நாள் முன்னால் இருக்கிறது. பகலின் நீளத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. வீட்டுக்குள் 18 மணி நேர விளக்கில் வளர்ந்த கன்றை, வெயில் நன்றாக அடிக்கிறதே என்று மே தொடக்கத்தில் வெளியில் கொண்டுபோய் வைத்தால், செடிக்கு அது ஒரே நாளில் ஓகஸ்ட்டுக்குள் தள்ளப்பட்டதாகத் தெரிகிறது. அது சிறு செடியாகவே பூக்க முற்படும். பிறகு பகல் நீள நீளக் குழம்பி, ஒற்றை இலையும் முறுக்கிய இலையுமாக விட்டு, மீண்டும் வளர்ச்சிக்குத் திரும்புவதற்குள் யூன் மாதம் போய்விடும். சீக்கிரம் பூக்கும் வகைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனெனில் 15 மணியில் விழிக்கும் வகைக்கு மே 11-உம் ஓகஸ்ட் முதலாம் திகதியும் ஒன்றுதான். மே 25-இல் பகல் பதினைந்தரை மணியைத் தாண்டிவிடுகிறது. உறைபனியும் அநேகமாக விலகத் தொடங்குகிறது. எனவே எங்களூரில் கன்றுகளை மே கடைசி வாரத்தில் பகலில் மட்டும் வெளியில் வைத்துப் பழக்கி, யூன் முதல் வாரத்தில் நிலத்தில் வைப்பதே முறை. அதுவரை வீட்டுக்குள் விளக்கை 18 மணியிலிருந்து 16-க்குப் படிப்படியாகக் குறைத்து வைத்திருந்தால் மாற்றம் செடிக்கு உறைக்காது. நான்கு செடி என்ற வரம்பு இருப்பதால் ஒவ்வொன்றையும் பெரிதாக்க வேண்டும் என்ற ஆசை இயல்பானதே. அதற்காக ஏப்ரலில் வீட்டுக்குள் விதைக்கலாம். அந்த உழைப்புச் செடியின் அளவைக் கூட்டும், அறுவடையை முந்தச் செய்யாது என்ற தெளிவு இருந்தால் போதும்.

இந்தக் கணக்கை முற்றாகத் தலைகீழாக்கும் ஒரு கூட்டம் உண்டு. ரஷ்யாவின் தென்கிழக்குப் பகுதிகளில் வயலோரங்களில் தானாக முளைத்துக் கிடந்த ஒரு குட்டைக் கஞ்சாவை, யனிஷெவ்ஸ்கி என்ற தாவரவியலாளர் 1924-இல் ருடெராலிஸ் என்று பெயரிட்டு விவரித்தார். அது தனி இனமா, வெறும் காட்டு வடிவமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு அதில் பெரிய ஆர்வமும் இல்லை. முக்கியமானது, இந்தச் செடிகளில் பல இரவைப் பார்ப்பதில்லை, தம் வயதைப் பார்த்துப் பூக்கின்றன என்பதே. இன்று ஓட்டோஃபிளவர் என்று விற்கப்படும் விதைகள் எல்லாம் இந்தப் பண்பைக் கலப்பினமாக வாங்கிக்கொண்டவை. முளைத்த மூன்று முதல் ஐந்து வாரத்தில் பூக்கத் தொடங்கி, எழுபது முதல் நூறு நாளுக்குள் முடிந்துவிடுகின்றன. விதைக்காகப் பயிரிடப்படும் ஹெம்ப் (போதை தராத கஞ்சா) வகைகளில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஃபினோலா. ரஷ்யாவின் வாவிலோவ் நிறுவன விதைவங்கியிலிருந்து பெற்ற விதைகளைக் கொண்டு 1990-களில் பின்லாந்தில் உருவாக்கப்பட்ட இவ்வகை, நடுக்கோடையில் இரவே இல்லாதது போன்ற அந்த நாட்டில் விதை முற்றுவதற்காகவே தெரிந்தெடுக்கப்பட்டது. கனடா 1998-இல் ஹெம்ப் பயிரை மீண்டும் அனுமதித்தபின், மேற்கின் புல்வெளி மாகாணங்களில் அது பரவலாக விதைக்கப்பட்டது. பின்லாந்து வம்சாவளியினர் பெருந்தொகையாக வாழும் எங்கள் நகரத்தில் இதைச் சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு சிறு பெருமை தோன்றுவதைக் கண்டிருக்கிறேன்.

ஓட்டோஃபிளவருக்கு நடும் நாள்தான் எல்லாம். அதற்குக் காத்திருக்கத் தெரியாது. குளிர்ந்த மண்ணில் முதல் மூன்று வாரம் சுணங்கினால், சுணங்கிய அளவிலேயே பூத்து, கைக்கடக்கமான செடியாக முடிந்துபோகும். இழந்த வளர்ச்சியை ஈடுசெய்ய அதற்குக் கால அவகாசம் கிடையாது. ஆகவே இந்த வகையில் முந்துவதுதான் ஆபத்து. மண் பத்துப் பாகை செல்சியஸைத் தாண்டி, இரவும் ஓரளவு வெதுவெதுப்பான பின், அதாவது எங்களூரில் யூன் முதல் வாரத்தில், நேரே நிலத்திலோ கடைசிவரை இருக்கப்போகும் சாடியிலோ விதைப்பது நல்லது, ஏனெனில் வேர் குலைந்தாலும் இதே சுணக்கம் வரும். அப்படி விதைத்தால் ஆண்டின் மிக நீண்ட பகல்கள் செடி விறுவிறுவென்று வளரும் வாரங்களில் வந்து விழுகின்றன. அறுவடை ஓகஸ்ட் இறுதிக்கும் செப்ரெம்பர் முதல் வாரத்துக்கும் இடையே, பனிக்கு முன்னால், முடிந்துவிடுகிறது.

இரவை அளக்கும் வகைகளையே வளர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் எஞ்சுகின்றன. ஒன்று, 15 மணியிலேயே விழிக்கும் முந்திய வகைகளைத் தெரிந்தெடுப்பது. அவை ஓகஸ்ட் தொடக்கத்தில் பூத்து, செப்ரெம்பர் கடைசிப் பத்து நாளில் முதிரும். உறைபனியோடு உரசத்தான் வேண்டும், ஆனால் தப்பிக்க இடமுண்டு. மற்றது, கார்னரும் அலார்ட்டும் செய்ததையே கறுத்தத் தார்ப்பாயைக் கொண்டு செய்வது. யூலை முதல் வாரத்திலிருந்து நாள்தோறும் மாலை ஏழு மணிக்குச் செடியை மூடி, காலை ஏழு மணிக்குத் திறந்தால், யூலை நடுப்பகுதியிலேயே பூக்கத் தொடங்கி, செப்ரெம்பர் நடுப்பகுதிக்குள் முடிகிறது. எழுதும்போது எளிதாகத் தெரிகிறது. எங்கள் ஊர் தன் நேரவலயத்தின் மேற்கு முனையில் இருப்பதால் யூலை முதல் வாரத்தில் இரவு பத்து மணியளவிலும் சூரியன் இருக்கும். மாலை ஏழுக்கு மூடிய பாய்க்குள் வெப்பமும் ஈரமும் சேர்ந்து செடி புழுங்கும். ஆகையால் பாய் செடிமேல் படாதபடி சட்டம் அடித்து, காற்றுப் போகவும் ஒளி புகாமலும் வழி விட வேண்டும். ஒரு வாரம் விடுமுறைக்குப் போய்விட்டால் கணக்குக் கெட்டுவிடும். மனித ஒழுங்கை இவ்வளவு நம்பியிருக்கும் முறையை நான் எவருக்கும் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன்.

தெருவிளக்கையும் கவனிக்க வேண்டும். என் அயலவரின் செடிகளில் வீதிப்பக்கம் நின்றது மட்டும் மற்ற மூன்றையும்விடப் பிந்திப் பூத்ததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. கொல்லைக் கதவின்மேல் ஆளைக் கண்டால் எரியும் விளக்கும் இதே வேலையைச் செய்யக்கூடும்.

முடிவில், பனியைவிடப் பொல்லாதது ஒன்று இருக்கிறது. ஓரளவு முதிர்ந்த செடி, பூச்சியத்துக்கு ஒன்றிரண்டு பாகை கீழே போகும் ஓர் இரவைத் தாங்கிவிடும், ஒரு பழைய படுக்கை விரிப்பால் மூடினாலே போதும். தாங்காதது சாம்பல் பூஞ்சணம். செப்ரெம்பரின் குளிர்ந்த இரவுகளும் விடியற்காலைப் பனித்துளியும் ஏரிப்பக்கத்து மூடுபனியும் சேர்ந்து, இறுகிய பூங்கொத்தின் உள்ளே அதை வளர்க்கின்றன. வெளியே ஓர் இலை மட்டும் காரணமின்றி வாடியிருக்கும். விரித்துப் பார்த்தால் உள்ளே முழுவதும் பழுப்பேறி அழுகியிருக்கும். செடி எவ்வளவு பெரிதோ, பூங்கொத்து எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவுக்கு இது அதிகம். ஆகவே ஏப்ரலிலேயே விதைத்துப் பெரிதாக்கிய செடிதான் செப்ரெம்பரில் முதலில் அழுகுகிறது. முழு முதிர்ச்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே மழை நாலைந்து நாளைக்கு என்று வானிலை அறிக்கை சொன்னால், காத்திருக்காமல் வெட்டிவிடுவதே என் கருத்து.

இந்த ஆண்டுக்கு அயலவரும் நானும் வேலிக்கு மேலாகப் பேசி ஒரு திட்டம் வைத்திருக்கிறோம். நான்கில் இரண்டு ஓட்டோஃபிளவர், யூன் முதல் வாரத்தில் நேரே சாடியில். ஒன்று முந்திய வகை, ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள் விதைத்து, மே முடியும்வரை வெளியில் இரவு தங்க விடாமல். நான்காவது அவருடைய வழமையான வகை, தார்ப்பாயுடன். அந்தப் பாயை மூடித் திறக்கும் பொறுப்பு அவருடையது, நான் ஏற்கவில்லை. வீதிப்பக்கம் இம்முறை கத்தரிக்கு. விமானநிலையத்தில் அளக்கும் வெப்பநிலை தரையிலிருந்து ஆளுயர அளவில் எடுப்பது. காற்றில்லாத தெளிந்த இரவில் அங்கே இரண்டு பாகை காட்டும்போது எங்கள் தாழ்ந்த கொல்லையில் இலைமேல் உறைபனி படிந்திருக்கும். அதனால் செடியின் உயரத்தில் ஒரு சிறு வெப்பமானியைக் குச்சியில் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதை வாங்கி வைத்துவிட்டார், இன்னும் கட்டவில்லை.